லைலாக்கின் வேரை வெட்டிவிட்டேன்

என் பிரியமான பட்டாளத்துக்காரருக்கு,

நேற்று உங்கள் லைலாக் போன்சாய் செடியின் வேரை நான் வெட்டிவிட்டேன். கோபப்படாமல் முழுவதும் கேளுங்கள்.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டேன். துணி வெட்டுகிறேன், மடிக்கிறேன், வீட்டுக்கு வருகிறேன். இன்னும் அழவில்லை. மம்சாபுரத்திலிருந்து வந்த உங்கள் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே உனக்கு. நெஞ்சு என்ன கல்லா?" என்று கேட்டேவிட்டார். எனக்கும் அதுதான் தெரியவில்லை.

துட்டி கேட்க வந்தவர்களுக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அழுகிறவள் என்றால் கட்டிப்பிடிக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பவளை என்ன செய்வது? "அவிய பிள்ளை மாதிரி வளத்த செடில்லா" என்று ஆளுக்கொரு செம்புத் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டுப் போனார்கள். நாலு விரல் ஆழத் தொட்டி எம்புட்டுத் தண்ணீரைத் தாங்கும்? பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நீங்கள் மண் வாங்கும் நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்த்தார்.

"தண்டு பச்சையாத்தான் இருக்கு. வேருதாம்மா அழுகிப்போச்சு. வெட்டி மண்ணை மாத்தாட்டா பொழைக்காது. அவிய செடியில நான் கைவைக்க மாட்டேன். நீங்களே செய்ங்க."

நானா? ஒவ்வொரு தை மாதமும் நீங்கள் கத்தரியை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுகிறவள் நான். தொட்டியில் வளரும் குட்டை மரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வேரை வெட்டினால்தான் புது வேர் விடும் என்பீர்கள். உயிரோடு இருப்பதை எதற்கு வெட்ட வேண்டும் என்று சண்டை போடுவேன்.

நேற்று தொட்டியைக் கவிழ்த்தேன். சேறு நாறியது. அடியில் துவாரத்தின் மேல் விரித்திருந்த பேண்டேஜ் துணி, நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஒரு மடிப்பு போதும் என்று நீங்கள் சொன்னீர்கள். மண் ஓடிவிடும் என்று நான்தான் இரண்டாக மடித்துக் கொடுத்தேன். அது துவாரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஊற்றியவர்களைச் சொல்லி என்ன செய்ய?

கறுத்த வேரையெல்லாம் வெட்டினேன். கை நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் ஒரு கைப்பிடி வெள்ளை வேர் மிஞ்சியது. புது மண்ணில் வைத்து, சாயாமல் கம்பியால் கட்டி, மாடிப்படி நிழலில் வைத்திருக்கிறேன்.

இமயமலைப் பக்கமிருந்து உங்கள் டிரங்குப் பெட்டிக்குள் வந்த குச்சி. ஒன்பது வருடமாக ஒரு பூ பூக்கவில்லை. குளிர் பட்டால்தான் பூக்கும் என்று மார்கழி முழுக்க பிரிட்ஜ் ஐஸை எடுத்து அதன் தலையில் வைப்பீர்கள். பூக்காத செடிக்கு ஐஸ் அபிஷேகமா என்று நான் கிண்டல் செய்வேன். "பூக்கட்டும், பூக்காமப் போகட்டும். உசுரோட இருக்குல்லா" என்பீர்கள்.

இன்று காலை உங்கள் அக்கா மறுபடி வந்தார். நேராக செம்பை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

"மதினி, ஊத்தாதிய!"

நாற்பது நாளில் நான் சத்தமாகப் பேசியது அதுதான். அவர் செம்போடு அப்படியே நின்றார்.

"அப்பம் நான் என்னதான் செய்ய? என் தம்பிக்கு வேற என்ன செய்ய முடியும் சொல்லு" என்று படியிலேயே உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டேன். என் கண் காய்ந்துதான் இருந்தது. அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். கல்லா என்று கேட்கவில்லை.

செடி பிழைக்குமா என்று இப்போதைக்குத் தெரியாது. எனக்கு அழுகை வருமா என்பதும் தெரியாது. ஆனால் அடுத்த தையில் கத்தரியை நானே எடுப்பேன், அடுப்படிக்குள் ஓட மாட்டேன். துணியும் ஒரே மடிப்புதான் போடுவேன், நீங்கள் சொன்னபடி.

இன்றும்
உங்கள் வீட்டுக்காரி