தெளிந்த தண்ணீர்

மச்சான்,

இன்று பகல் கிளினிக் கொப்பியை வைக்க அலுமாரியைத் திறந்தேன். உன் பச்சைப் போத்தல் உருண்டு வந்து காலடியில் விழுந்தது. உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு, "இது உங்கட வீட்டுப் போத்தல்தானே" என்று மதினி கழுவித் தந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன்மேல் எனக்குப் பொறாமை. நீ இருக்கும்வரை அதை ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து இரண்டு பையோடு வந்தவன் நீ. என் உப்புப் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தாய். புத்தளத்து உப்பிலே பிறந்தவன் நான். ஆனால் மூன்றாம் வருடமே உன் உப்பு என்னுடையதைவிட வெள்ளை. சிங்களமும் சரளமாகப் பிடித்துக்கொண்டாய். சண்டை முடிந்த பிறகு மன்னாருக்குப் போய் உன் வாப்பாவின் காணியைப் பார்த்துவிட்டு வந்தாய். இவனுக்கு இரண்டு ஊர், எனக்கு ஒன்றுதானே என்று அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு ஒரே வருடத்தில் இருவருக்கும் புரஸ்டேட்டில் புற்றுநோய். அல்லாஹ்வே, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதிலாவது நாங்கள் சமம் என்று ஒரு மூலையில் ஆறுதல் பட்டேன். மூன்று கிழமைக்கு ஒரு தரம் கொழும்பு பஸ். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை, ஒரே மருந்து, இருவருக்கும் ஒரே மாதிரித் தலைமுடி கொட்டியது. ஆனால் நோய் குறைந்தால் குறையும் அந்த பி.எஸ்.ஏ. இரத்த இலக்கம் உனக்கு மடமடவென்று இறங்கியது. எனக்கு ஆமை வேகம். நர்ஸ் மிஸ்ஸி உன் ரிப்போர்ட்டை வாசித்துச் சிரித்த அன்று, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழாம் தரம் உன் இலக்கம் ஏறியது. எட்டாம் தரம் இன்னும் ஏறியது. எனக்கோ இறங்கிக்கொண்டே வந்தது.

அந்தக் கிழமைதான் அஸர் தொழுதுவிட்டு இந்தப் போத்தலோடு என் வீட்டுக்கு வந்தாய்.

"மச்சான், நீ வுளு செஞ்ச தண்ணிய இதுல பிடிச்சுத் தா."

எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணூறு பட்டவனுக்கு, கண் வைத்தவன் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளு செய்த தண்ணீரை ஊற்றினால் கழியும் என்பது நம்மில் யாருக்குத் தெரியாது?

"நானா கண் வச்சது? ஆருக்கிட்ட வந்து என்ன கதைக்கிறாய்?" என்று பாய்ந்தேன்.

நீ கோபப்படவில்லை. "மிஸ்ஸி வாசிச்ச நேரம் உன்ட மூஞ்சிய நான் பாத்தனே. பரவாயில்ல, தா."

குசினிப் பக்கம் போனேன். வுளு செய்து அந்தத் தண்ணீரைக் கொடுத்தால், கண் வைத்தது நான்தான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. ரோஷம் விடவில்லை. பைப்பைத் திறந்து போத்தலை நிரப்பி மூடினேன். கையைக்கூட நனைக்கவில்லை.

நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "உப்புப் பாத்தியில நிக்கிறவன்ட காலக் கழுவின தண்ணி, இவ்வளவு தெளிவா?" என்று சிரித்தாய். பிறகு அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அடுத்த தரமும் உனக்கு ஏறியிருந்தது. மருந்தை நிறுத்தப் போவதாக டொக்டர் சொன்னார். நல்லாய் வேலை செய்த மருந்து ஏன் இப்படி என்று நான்தான் கேட்கச் சொன்னேன். அவர் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். நீ எனக்குத் தமிழில் சொன்னாய்:

"புத்துநோய்க்குள்ள தொடக்கத்திலயே கொஞ்சம் மருந்துக்கு மசியாததுகள் இருக்குமாம். மத்ததெல்லாம் செத்த பிறகு அதுகளுக்கு இடம் கிடைக்கும், அதுகள் பெருகுமாம். சிலது பின்னாலதான் பழகுமாம். மழத்தண்ணிய நாம பாத்தியில இருந்து பம்ப் போட்டு இறைக்கிறோமே, அதுபோல வந்த மருந்த வெளிய இறைச்சுப் போடுமாம். கனபேருக்கு இப்படித்தானாம். ஆர்ட கண்ணும் இல்ல மச்சான்."

கடைசி வரியை டொக்டர் சொல்லியிருக்கமாட்டார். அவ்வளவு எனக்கும் விளங்கும். அப்படியானால் மிச்சத்தையும் என் மனம் ஆறட்டும் என்று நீயே சேர்த்தாயோ? சிங்களம் படிக்காத என் மடத்தனத்தை அன்று போல் என்றும் நொந்ததில்லை. உன் உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கியபோதும் அந்தப் பைப் தண்ணீர்தான் நினைவில் நின்றது. குனிந்து வுளு செய்திருந்தால் நீ இருந்திருப்பாயோ?

இன்று காலை கிளினிக்கில் என் ரிப்போர்ட் வந்தது. ஏறியிருக்கிறது, மச்சான். போன தரமும் கொஞ்சம் ஏறியதுதான்; மிஷின் பிழை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொருவராக யோசித்தேன். என்மேல் யார் கண் வைத்திருப்பார்கள்? என் இலக்கம் இறங்கியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உப்பளத்தில் என்னைப் பார்த்து வயிறெரிய எதுவும் இல்லை. ஒருவரும் இல்லை. ஆனாலும் மருந்து வேலை செய்யாமல் நின்றுவிட்டது. அப்படியென்றால் நீ தமிழில் சொன்னது அவ்வளவும் உண்மை. உன் மருந்தும் தானாகத்தான் நின்றது.

அது விளங்கிய இடத்தில், பாலாவிச் சந்தி தாண்டி, சனத்துக்கு முன்னால் அழுதேன். உன்னை நான் கொல்லவில்லை என்று சந்தோஷம். அடுத்த நிமிடம் பழைய பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. உனக்கு இலக்கம் இறங்கியபோது பார்த்து எரிய ஒருத்தன் இருந்தான். ஏறியபோது அவனிடமே ஒரு போத்தலோடு போய் நிற்க உன்னால் முடிந்தது. நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்?

வியாழக்கிழமை மறுபடியும் கொழும்பு போக வேண்டும். குளிசை விழுங்க உன் போத்தலில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். அதே பைப் தண்ணீர். பக்கத்துக் கதிரையில் யார் இருப்பாரோ தெரியாது. யாராக இருந்தாலும் என் ரிப்போர்ட்டை அவருக்குக் காட்டுவேன்.