தறி நின்ற இரண்டு மணி நேரம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
8.11.2025

அன்புள்ள நிக்கத்,

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. தேர்வு முடியும்வரை என் போனை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்று அப்பாவிடம் கொடுத்தவள் நானேதான். இப்போது திரும்ப வாங்கினால் "எவ்வளவு?" என்று ஊரே கேட்கும். உனக்கு மட்டும் சொல்கிறேன். ஜி.ஆர்.இ. தேர்வில் 340-க்கு 307. நாம் சேர்ந்து படிக்க ஆசைப்பட்ட அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு இது எட்டாது. உன் 322-ஐ நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் வயிறும் எரிகிறது.

நடந்ததைக் கேள். வீட்டிலிருந்தே கணினியில் எழுதினேன் அல்லவா, "பாப்பா பரிச்சை எழுதுது" என்று அப்பா தறியை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு தினகரன் மாமாவும் நிறுத்தினார், எதிர்வீட்டிலும் நிறுத்தினார்கள். தெருவே மௌன விரதம்! நான் பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் படித்தவள். தறியில் ஐம்பது அடி விழுவதற்குள் ஒரு கணக்கு, அதுதான் என் கடிகாரம். திரையில் ஓடும் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கமே எனக்கில்லை. சத்தம் இல்லாததால் ஒவ்வொரு கணக்கிலும் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டேன். கடைசி ஏழு கணக்குகளைத் தொடவே இல்லை.

இருபத்தொரு நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஆனால் ஏன் என்று அப்பா கேட்டால், நீங்கள் தறியை நிறுத்தியதால்தான் என்று எந்த வாயால் சொல்வேன்? நீ போய் வா. நான் இங்கேயே ஏதாவது படிக்கிறேன்.

உன்
இளவரசி

திருவல்லிக்கேணி,
சென்னை,
12.11.2025

அடி இளவரசி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில் ஹாஸ்டல் வார்டன் ஓடி வந்தார். ஏழு கணக்கைத் தொடாமலே 307 வாங்கியிருக்கிறாய், மக்கு! தொட்டிருந்தால்?

அப்பா வருந்துவார் என்கிறாய். நீ வருடம் முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் நடமாடினால் மட்டும் மகிழ்வாரா? இன்னொன்றும் கேட்டுக்கொள். "அந்தப் பொண்ணு வரலைன்னா நீ மட்டும் தனியா போவ வேணாம்" என்று என் அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆக, இது உன் ஒருத்தியின் விஷயம் இல்லை. இருபத்தெட்டாம் தேதி சென்னைத் தேர்வு மையத்தில் இடம் இருக்கிறது, நானே பார்த்துவிட்டேன்.

கோபம் தீராத
நிக்கத்

காஞ்சிபுரம்,
16.11.2025

நிக்கத்,

சொல்லிவிட்டேன்!   கேட்டுவிட்டு அப்பா சிரித்தாரே ஒரு சிரிப்பு!

"அன்னிக்கு சும்மா குந்திக்கினு இருந்ததுல எனக்கே பைத்தியம் புடிக்கிற மாதிரி இருந்திச்சும்மா. உன்னைக் கெடுக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிக்கினு இருந்தேன். மறுபடி எழுது. நான் இன்னா செய்யணும், அத்தச் சொல்லு."

மையத்திலும் அமைதிதான், அதற்குப் பழக வேண்டும் என்றேன். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தறி நிற்கிறது. அந்த நேரத்தில் அப்பா சமையலறையில் புகுந்து அம்மாவைப் படுத்துகிறார். உன் இருபத்தெட்டாம் தேதியையே பதிவு செய்துவிட்டேன்!

இளவரசி

காஞ்சிபுரம்,
29.11.2025

அடி நிக்கத்,

நேற்று அப்பாவின் போனில் 321 என்று சொன்னதும் நீ கத்திய கத்தலில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது. மீதியை எழுதுகிறேன்.

அந்த அறை அவ்வளவு அமைதி. முதல் கணக்கிலேயே கை ஓடவில்லை. இவ்வளவு பழகியும் இப்படியா என்று பயந்தேன். அப்போது மேசைக்குக் கீழே என் கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது, தறி மிதிப்பது போலவே, வலது, இடது, வலது. ஐம்பது மிதிக்கு ஒரு கணக்கு. ஒரு நிமிடம் மிச்சம் வைத்து எல்லாவற்றையும் முடித்தேன்!

வாசலில் காத்திருந்த அப்பா, பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் "அந்த ஊர்ல சத்தமே இருக்காதாமே பாப்பா, எப்படிப் படிப்ப?" என்றார். 

இன்று காலை என் போனைத் திருப்பிக் கொடுத்தார். அதில் அப்பாவே எடுத்த ஓர் ஒலிப்பதிவு. இரண்டு மணி நேரம் வெறும் தறிச் சத்தம். நடுவில் அப்பாவின் இருமல், "டீ ஆறிப் போவுது" என்று அம்மாவின் குரல். அழுதுவிட்டேனடி.

இடம் கிடைத்தால் நாம் இருவரும் ஒரே அறைதான். தினமும் இது ஓடும், உன்னால் தாங்க முடியுமா என்று எழுது.

உன்
இளவரசி