கலந்துரையாடல் வகுப்பு

செவ்வாய் இரவு, கிள்ளான்

இன்றைக்கு என் வரலாற்று டியூஷனில் நான்காம் படிவத்தில் படிக்கும் பதினாறு வயது மாணவி தர்ஷினி எழுந்து கேட்டாள்: "டீச்சர், வடகொரியா பேருல ஜனநாயகம், மக்கள், குடியரசு எல்லாம் இருக்கு. அப்புறம் ஏன் தாத்தா, அப்பா, மகன்னு ஒரே குடும்பம் ஆளுது?"

"அதெல்லாம் சோதனையில வராது லா, உட்காரு" என்றேன்.

உட்காரவில்லை. "நம்ம வாசல் போர்டுலகூட கலந்துரையாடல் வகுப்புன்னுதான் போட்டிருக்கு. நீங்க மட்டும்தானே டீச்சர் பேசுறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என்ன தைரியம், என்ன மூளை! அவள் வயதில் நான் எந்த ஆசிரியரிடமும் வாய் திறந்ததில்லை.

"சரி, நீயே வந்து சொல்லு" என்று மார்க்கரை நீட்டினேன். அருமையாகப் பேசினாள். அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.