தோல் வாளி போகும் இடம்

என்னங்க,

நீங்கள் இரவு டியூட்டி முடிந்து வருவதற்குள் நான் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். பிளாஸ்க்கில் தேத்தண்ணி இருக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காத நீங்கள், இப்போது மரக்கறித் தோலை எல்லாம் வாளியில் சேர்க்கிறீர்கள். அரிசி கழுவிய தண்ணீரையும் ஊற்ற விடுவதில்லை. "குப்பைய எரிக்காத புள்ள, மண்ணுக்கு உரமாகட்டும்" என்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் நம் வாசலில் ஒரு கீரைச்செடிகூடக் கிடையாதே! தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாளியோடு எங்கே போகிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

நேற்று சாயங்காலம் பின்னாலேயே வந்தேன். மேல் லயத்து வீட்டில் இருக்கும் என் தங்கை சுமதியின் தோட்டத்தில் நின்றீர்கள். போஞ்சிக்கொடிக்கு அடியில் தோலைப் புதைத்துக்கொண்டே, "அக்காவுக்குத் தெரிஞ்சா என்னங்க மச்சான் செய்வீங்க?" என்று அவள் கேட்டாள். "போஞ்சி ருவான்வெல்ல சந்தையில வாங்குனதுன்னு சொல்லியிருக்கேன்" என்றீர்கள்.

அம்மாவின் சாவு வீட்டில் அவள் பேசிய பேச்சுக்கு இன்றுவரை நான் அவள் முகத்தில் விழிக்கவில்லை. அது தெரிந்தும் இப்படிச் செய்தீர்களே! அந்தப் போஞ்சியை நானும் ருசித்துத்தானே சாப்பிட்டேன்.

இன்றைக்கு வாளியைத் தொடாதீர்கள். வேலை விட்டு வந்து நானே கொண்டுபோகிறேன்.

– மகேஸ்

பி.கு: சண்டை போட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று: போன் பண்ணி அவளிடம் சொல்லிவிடாதீர்கள். திடீரென்று என்னைக் கண்டதும் அவள் முகம் மலருமா, சுருங்குமா என்று நான் பார்க்க வேண்டும்.