இல்லாத ஒடுக்கு

ஏப்ரல் 11

ஆலங்கட்டி மழை பெய்து ஐந்து நாள் ஆகிறது. பட்டறை வாசலில் இருபத்தாறு கார்கள். அம்மை வந்து போன முகம்போல ஒவ்வொன்றும்.

இன்று முழுக்க ஒரு சாம்பல் நிறக் காரின் கூரை. மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன் — எழுபத்து மூன்று ஒடுக்கு. என் தம்பி உள்பக்கத் துணியைக் கழற்றிக் கொடுத்துவிடுவான். அதற்குமேல் என் பாடு. வளைந்த கம்பியை உள்ளே விட்டு, ஒடுக்கின் அடியைத் தேடிப் பிடித்து, பொட்டுப் பொட்டாக மேலே தள்ள வேண்டும். கோட்டு விளக்கின் நேர்கோடுகள் தகரத்தில் விழும். ஒடுக்கு இருக்கிற இடத்தில் கோடு வளையும். வளைவு நிமிர்ந்தால் முடிந்தது. பெயிண்டைத் தொடுவதே இல்லை. அதற்காகத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

மதியம் வீட்டுக்கு ஓடிப்போய் நின்றபடியே சாப்பிட்டேன். "கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டே பொறந்தியா நீ?" என்றார் என் வீட்டுக்காரர். பதில் சொல்ல நேரமில்லை. வாயில் சாப்பாடு.

ஏப்ரல் 14

இடது கண்ணில் வியர்வை விழுந்ததுபோல ஏதோ ஒன்று. கழுவியும் போகவில்லை. தூக்கமில்லாததுதான். வேறென்ன?

ஏப்ரல் 16

என்ன செய்துவிட்டேன்.

பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் நீலக் கார். கூரை முடிந்து கடைசியாக ஒருமுறை பார்த்தபோது நடுவில் ஒரு கோடு இலேசாக வளைந்திருந்தது. விட்டுப்போன ஒன்று என்று நினைத்துக் கம்பியை வைத்துத் தள்ளினேன். நிமிரவில்லை. இன்னும் தள்ளினேன். கையால் தடவினால் — மேடு! பருக்கைபோல. அங்கே ஒடுக்கே இருக்கவில்லை. நல்ல தகரத்தைக் கீழிருந்து குத்தியிருக்கிறேன். பதறிப்போய் மேலிருந்து குச்சியை வைத்துத் தட்டினேன். மயிரிழைபோல ஒரு விரிசல். பெயிண்ட் போய்விட்டது.

பதினாலு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

தம்பி ஓடிவந்தான். "என்னாச்சுக்கா?"

"பழைய பெயிண்ட் சரியில்ல. ஏற்கெனவே எங்கயோ திருப்பிப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க." இது என் வாயிலிருந்து எப்படி வந்தது? யோசிக்கவே இல்லை. வந்துவிட்டது.

அவன் அதை அப்படியே அந்தம்மாவிடம் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதே... நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். இனி முழுக் கூரைக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 17

குளியலறைச் சுவரில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள கோடுகள். வலது கண்ணை மூடினேன்: தண்ணீருக்குள் பார்ப்பதுபோல நடுவில் நெளிகிறது. இடது கண்ணை மூடினேன்: நேர்.

நாலு தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவையும் பார்த்தேன். வெளியே இருந்து என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

ஏப்ரல் 20

இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்கிறேன். கம்பி முனை எங்கே நிற்கிறது என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அரைமணி வேலை இரண்டு மணி நேரம் ஆகிறது. "யாருக்குக்கா கண்ணடிக்கிற?" என்று சிரிக்கிறான் தம்பி. நானும் சிரித்தேன். வாசலில் இன்னும் பத்தொன்பது கார். நான் உட்கார்ந்துவிட்டால் பட்டறையில் யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 22

அவர் கண்டுபிடித்துவிட்டார். குவளையில் ஊற்றிய தண்ணீர் மேசையில் போனதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைப் போட்டார். "கிளம்பு" என்றார், அவ்வளவுதான்.

கண் டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதாம். ஓயாமல் ஓடுகிறவர்களுக்கு வருமாம். தூசிக்காக மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்தும் காரணமாக இருக்கலாம், அதை உடனே நிறுத்தச் சொன்னார்.

"பெரும்பாலும் தானா வத்திடும். மூணு நாலு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. நல்லா தூங்குங்க."

"டாக்டர், அது மட்டும் இவளுக்கு வராது" என்றார் என் வீட்டுக்காரர். இருவரும் சிரித்தார்கள். எனக்கு எழுந்து வெளியே ஓட வேண்டும்போல இருந்தது.

ஏப்ரல் 23

தம்பியிடம் சொன்னேன். முதலில் கண்ணைப் பற்றித்தான் கேட்டான். வலிக்குதா, சரியாயிடுமா, ஏன் உடனே சொல்லல. பிறகு சட்டென்று நின்றான்.

"அப்போ அந்த நர்ஸம்மா காரு?"

நான் கம்பிகளை எடுத்து மாட்ட ஆரம்பித்தேன்.

"அக்கா, பெயிண்ட் நல்லாத்தானே இருந்துச்சு?"

"ம்."

"அவங்க மூஞ்சியப் பார்த்துப் பொய் சொன்னது நான். உனக்குத் தெரிஞ்சே என்னச் சொல்ல வெச்சிருக்க."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் மீதிக் கார்க்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, வேறு பட்டறைக்குப் போகச் சொன்னான். நான் பக்கத்திலேயே நின்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 29

அலமாரியை அடுக்கினேன். கலைத்தேன். மறுபடி அடுக்கினேன்.

மே 3

தம்பி போனை எடுக்கவில்லை. அவன் மனைவி எடுத்து, "சாப்பிடுறாரு அண்ணி" என்றாள். காலை பதினொரு மணிக்கு என்ன சாப்பாடு?

கண் அப்படியேதான் இருக்கிறது. என்னால் கண்ணை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது, அதைச் செய்யாமல்தான் அலமாரியை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். தெரிகிறது. தெரிந்து என்ன?

மே 8

போய்விட்டேன். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் ஷிப்ட் முடிகிறவரை காத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"உங்க கார்ல பெயிண்ட் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் உடைச்சேன். என் கண்ணுல கோளாறு. ஆனா கண்ணு கெட்டதால பொய் சொல்லல. பயந்துபோய்ச் சொன்னேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கார எங்கண்ணன்கிட்டதான் வாங்கினேன்" என்றார். "அடிபட்ட வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சு என் தலையில கட்டிட்டியான்னு கேட்டுட்டேன். சத்தியம் பண்ணாரு. நம்பல. மூணு வாரமா நாங்க பேசிக்கல."

ஒரு கூரையோடு போகும் என்றுதானே நினைத்திருந்தேன்?

"மன்னிச்சிடுங்க. கூரைக்கு ஆகிறத நான்—"

"அது கிடக்கட்டும்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "என்கிட்ட சொன்னத அவர்கிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே."

அதே நீலக் காரில் போனோம். அண்ணன் கதவைத் திறந்தார். தங்கையைப் பார்த்ததும் முகம் இறுகியது. வாசலில் நின்றபடியே நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தங்கையிடம் கேட்டார்: "இவங்க வந்து சொன்னாத்தான் நான் யோக்கியனா?"

அந்தம்மா அழுதார். அண்ணன் கதவை மூடவில்லை. உள்ளே போய்விட்டார், ஆனால் மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மாவும் உள்ளே போனார்.

நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மே 9

தம்பி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். "சரி" என்றான். தேநீர் வந்தது. குடித்தேன்.

ஜூன் 30

பத்து மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல இருந்தது.

ஆகஸ்ட் 21

நீர் வற்றிவிட்டது என்றார் டாக்டர். திரும்ப வரவும் செய்யலாமாம். மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார். தம்பிக்குப் போன் போட்டேன். "திங்கக்கிழம ஒரு கார் இருக்கு. வா" என்றான்.

ஆகஸ்ட் 24

வெள்ளைக் கார். பானெட்டில் பதினொரு ஒடுக்கு. பத்து வந்துவிட்டது. விளிம்பு ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் முழுக்க வரவில்லை. இன்னும் அழுத்தினால் பெயிண்ட் விடும். கம்பியை எடுத்துவிட்டேன்.

கார்க்காரர் மாலையில் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எல்லாம் போயிடுச்சா?" என்று தம்பியிடம் கேட்டார். இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு அவன்தான் பதில் சொல்வான். இன்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினான்.

"அவங்களக் கேளுங்க."

நான் எழுந்து போய் அந்த ஒன்றைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார்.

தம்பி அதற்குள் அடுத்த காரின் உள்ளே போய், கூரை விளக்கைக் கழற்ற ஆரம்பித்திருந்தான்.