கேட்பாரில்லாத கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

நான் கம்ப்யூட்டரில் செய்த டயாலிசிஸ் ஃபார்மின் தலையில் இன்று பெரியவரின் படமும் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர், காலமாகிவிட்டார், படமாவது தினமும் கண்ணில் படட்டும் என்று மானேஜர் சொல்லிவிட்டார். இங்கே கம்ப்யூட்டர் பதிவுகளுக்கு நான் ஒருத்திதான், மறுத்துப் பேச எனக்கு என்றைக்கு வந்திருக்கிறது? முதலில் தலைமை சிஸ்டர், எடையும் ரத்த அழுத்தமும் மேலே வேண்டும் என்றார். பிறகு டயாலிசிஸ் மெஷினை ஓட்டுகிறவர், மெஷின் நம்பர். பிறகு பில் பிரிவு. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பார்களே, அதுதான்.

கட்டெறும்பு இன்றுதான் வார்டிலிருந்து டயாலிசிஸுக்கு மாறியிருக்கிறாள். அவள் என் நாத்தனார், நர்ஸ், எங்களோடுதான் இருக்கிறாள். உருவம் சின்னது, கடி பெரியது, அதனால் வீட்டில் அந்தப் பெயர். சாப்பிடும்போது கேட்டாள்: "உங்க ஃபார்ம பாத்தேன் அண்ணி. கல்யாணப் பத்திரிகையாட்டம் மேல பூரா பெரிய மனுஷங்க. மாப்பிள்ளை பேரு எங்க?" இவர் புரையேறும்வரை சிரித்தார்.

மார்ச் 12, வியாழன்

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது வருமா என்று பார்க்கிறேன்.

டயாலிசிஸுக்கு வழக்கமாக வரும் தையல்காரருக்கு இன்று காய்ச்சல். டாக்டர் ஒரு ஊசி எழுதியிருக்கிறார். கட்டெறும்பு ஃபார்மைத் திறந்து பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறாள். அந்த மருந்து அவருக்கு ஆகாது. முகம் வீங்கி, மூச்சு நின்று, இப்போது குழாய் வைத்து ஐசியூவில் கிடக்கிறார்.

ஃபார்மில் அலர்ஜி என்று ஒரு கட்டமே இல்லை என்கிறாள். இல்லாமல் எப்படி இருக்கும்? என் கையால் வைத்த கட்டம். சிவப்பு எழுத்து.

மார்ச் 13, வெள்ளி

காலையில் மானேஜர் என் அறைக்கே வந்துவிட்டார். அலர்ஜிக் கட்டம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். என் கம்ப்யூட்டரில் திறந்தேன். ஓரத்தில் ஸ்க்ரோல் பார் என்கிற உருட்டும் பட்டை, கீழே இழுத்தால் கட்டம், தையல்காரரின் பெயருக்கு நேரே அந்த மருந்தின் பெயர். எல்லாம் அப்படியே இருந்தது. "கட்டம் எல்லா கம்ப்யூட்டரிலும் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான்.

"நான் பொய் சொல்றேன்னு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

பார்த்ததைத்தான் எழுதினேன் என்றேன். டயாலிசிஸில் தான் திறந்த லேப்டாப்பில் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்க்கவில்லை. அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. தப்பு அவள் மேல் என்று முடிந்தால் நர்ஸ் பதிவே ரத்தாகிவிடும். வேறு எங்கேயும் ஊசியைத் தொட முடியாது.

மார்ச் 14, சனி

என் சமையலைத் தொடவில்லை. என்னை "இந்தாங்க" என்று கூப்பிடுகிறாள்.

மார்ச் 16, திங்கள்

அந்த லேப்டாப்பை வரவழைத்தேன். வயர்க்காரர் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி மெஷின்களையெல்லாம் பழுதுபார்ப்பவர், தோளில் எப்போதும் ஒரு சுருள் வயர். சின்னத் திரை கண்ணை வலிக்கிறது என்று அதைப் பெரிய மானிட்டரில் மாட்டினார். ஃபார்மைத் திறந்தேன். பட்டை இருக்கிறது. குத்துக்கல் மாதிரி இருக்கிறது.

யாராவது அமைப்பை மாற்றியிருப்பார்களோ என்று பார்த்தேன். இல்லை. அமைப்பில் பட்டை தெரியட்டும் என்றுதான் இருக்கிறது. ஃபார்மை அழித்துப் பழைய பிரதியைப் போட்டேன், மென்பொருளையே எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், மூடினேன், திறந்தேன். எத்தனை தடவை திறந்தாலும் பட்டை என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. என் வாழ்க்கையில் ஒரு கோளாறு வராதா என்று வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மானேஜர் எட்டிப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள் உங்கள் நாத்தனார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 17, செவ்வாய்

ஒருவேளை அவள் பொய்தான் சொல்கிறாளோ?

எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன், இருக்கட்டும். பயத்தில் யாரும் சொல்லக்கூடியதுதானே. ஆனால் இவளா? பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டுத் தானே போய் மணி அடித்துச் சொன்னவள்.

இவரிடம் கேட்டால், நீ பார்த்ததைத்தானே எழுதினாய் என்கிறார். தங்கையிடம் போய், நீ பார்த்ததைத்தானே சொன்னாய் என்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று இவர் பெருமூச்சு வேறு. அடி வாங்குவது யார் என்று இவருக்கு இன்னும் விளங்கவில்லை.

ஐசியூ வாசலில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். டாக்டர் எப்போது வருவார் என்று என்னிடம் கேட்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். என்னால் முடியலை. சத்தியமா முடியலை.

மார்ச் 18, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கடவுளே.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க நானே டயாலிசிஸுக்குப் போனேன். சிஸ்டர் ஒருத்தி அதை வாங்கிக் கட்டில் ஓரத்து ட்ராலியில் வைத்து ஃபார்மைத் திறந்தாள். மானிட்டர் இல்லை, அந்தச் சின்னத் திரை மட்டும். அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். மேலே பெரியவர் படம், பெயர், எடை, ரத்த அழுத்தம், மெஷின் நம்பர், பில். அதற்கு அடுத்த வரியிலேயே சேமிக்கும் பொத்தான்கள்.

நடுவில் ஒன்றும் இல்லை. பட்டையும் இல்லை.

ஃபார்மில் தலைப்பகுதி உருளாது, பொத்தான் இருக்கும் அடிப்பகுதியும் உருளாது. நடுப்பகுதிதான் உருளும், பட்டை அதற்குத்தான். ஆளாளுக்குத் தங்கள் சாமானைத் தலையில் ஏற்றி, கடைசியில் படமும் ஏறியதும், இந்தச் சின்னத் திரையில் நடுப்பகுதிக்கு ஒரு விரல் அகலம்கூட மிச்சமில்லை. உருள இடமில்லையென்றால் பட்டை எதற்கு? பெரிய திரையில் இடம் தாராளம், அங்கே எல்லாம் சரியாக இருக்கும். சின்னத் திரையில் பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது, ஃபார்ம் அவ்வளவுதான் என்றே தோன்றும். படம் ஏறிய அன்றுதான் வந்தவள் கட்டெறும்பு. அங்கே ஒரு கட்டம் இருந்ததென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நடுப்பகுதியில் தங்கியிருந்தது அலர்ஜிக் கட்டம் ஒன்றுதான். அதை மேலே வை என்று சண்டை போட எந்தப் பிரிவும் வரவில்லை. அது நோயாளியின் கட்டம். நோயாளி எங்கே என் அறைக்கு வந்து கேட்கப் போகிறார்.

மார்ச் 19, வியாழன்

மானேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"படத்த எடுத்துருங்க, வேலை முடிஞ்சுது. எழுதிக் குடுத்தது அப்படியே இருக்கட்டும். உங்க வேலையையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

படத்தை எடுத்தால் பட்டை வந்துவிடும். பட்டை வந்துவிட்டால் அவள் சொன்னதை யார் நம்புவார்கள்? எடுக்காமல் விட்டால் இன்னொரு தையல்காரர். பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

தலைமை சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவரும் நானும் ஒவ்வொருவர் அலர்ஜியையும் காகிதத்தில் சிவப்பு மையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். ஃபார்மை நாளை விசாரணை முடியும்வரை தொடப் போவதில்லை. வீட்டில் அவளிடம் சொல்லப் போனேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. நாளைக்கு எனக்கு வாய் வருமா வராதா என்று எனக்கே நம்பிக்கை இல்லை, அதனால் தட்டவில்லை.

மார்ச் 20, வெள்ளி

விசாரணை மீட்டிங் அறையில். சுவர் முழுக்கத் திரை. பட்டை பளிச்சென்று தெரிந்தது, மானேஜர் கட்டத்தைக் காட்டி என் கையெழுத்தையும் காட்டினார். கட்டெறும்பு தலையைக் குனியவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். இங்கே பார்த்தால் தெரியும் சார், நோயாளி இருக்கும் இடத்தில் வந்து பாருங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். விசாரிக்க வந்திருந்த பெரிய டாக்டர் எழுந்துவிட்டார், வேறு வழியில்லாமல் மற்றவர்களும் எழுந்தார்கள்.

ட்ராலியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். டாக்டர் பக்கம் லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். "அலர்ஜிக் கட்டத்தக் கண்டுபிடிங்க சார்."

தேடினார். மவுஸை உருட்டினார், அம்புக்குறியை அமுக்கினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். கடைசியில் கையை எடுத்துவிட்டார்.

நான் எழுதிக் கொடுத்தது தப்பு என்று சொன்னேன். யார் செய்த ஃபார்ம் இது என்று மானேஜர் கேட்டார். அவருக்குத் தெரியாதா என்ன.

நான்தான் என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

அவளை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிளம்புவதற்கு முன் படத்தை எடுத்து, அலர்ஜிக் கட்டத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டு வந்தேன். தையல்காரர் கண் திறந்தார்.

மார்ச் 29, ஞாயிறு

இன்னும் "இந்தாங்க"தான். வெளியில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது?

ஏப்ரல் 9, வியாழன்

அவள் டூட்டி முடிந்து வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் அடுக்களை வாசலில் நின்றாள். தையல்காரர் இன்று டயாலிசிஸுக்கு வந்தாராம். இன்னும் சக்கர நாற்காலிதான். இவள் வாயைத் திறப்பதற்குள் தனக்கு எந்த மருந்து ஆகாது என்று சொல்லிவிட்டாராம். அப்புறமும் நிற்கிறாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க எடத்துக்கு வந்த புது ஆளு படத்தத் திரும்ப மேல வச்சிட்டாரு. பெரியவர் தலைக்கு மேல அலர்ஜின்னு செவப்புல இருந்தா நல்லா இல்லியாம். அதக் கீழ எறக்கச் சொன்னதே மானேஜர்தான்."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. பட்டை இருந்ததா என்று கேட்டேன்.

"இல்ல. நான் ட்ராலிய அப்படியே மானேஜர் ரூமுக்குத் தள்ளிட்டுப் போயிட்டேன். கண்டுபிடிங்க சார்னு அவர் முன்னால நின்னேன். படத்த எடுக்கற வரைக்கும் நகரல."

எடுத்துவிட்டார்களா என்றேன்.

"எடுத்தாச்சு. இப்ப அது பிரிண்ட் எடுத்து அவர் ரூம் சுவத்துல தொங்குது." தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பசிக்குது. என்ன இருக்கு அண்ணி?"