அஃப்ராவின் வயிறு சரியாகும்வரை

காரைக்கால்
8.12.2024

அன்புள்ள நிஷாவுக்கு,

ஸலாம். தமீம் அன்சாரி மாப்பிள்ளைக்கும் சொல்லிவிடு. உங்கள் மகள் அஃப்ராவுக்குப் பயணக் களைப்பு தீர்ந்துவிட்டது.

இனி இந்த விஷயத்தை மின்னஞ்சலில் வைத்துக்கொள்வோம். நீ போனில் “இன்னைக்குப் போனாளா, வலிச்சுதாமா?” என்று கேட்கும்போது, பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். பிள்ளை முன்னால் அவள் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார்.

குழந்தைகள் டாக்டரிடம் காட்டினேன். நோய் எதுவும் இல்லை, நாள்பட்ட மலச்சிக்கல் என்றார். எப்போதோ வலித்திருக்கிறது. அந்தப் பயத்தில் அடக்குகிறாள், அடக்கியது இறுகி மறுபடி வலிக்கிறது. இளக்குவதற்கு ஒரு சிரப் கொடுத்திருக்கிறார். பாலைக் குறைக்கச் சொன்னார். ஆறு வயதுப் பிள்ளை நாள் முழுக்கப் பாலும் பிஸ்கட்டும் வெள்ளைச் சோறும்தான் சாப்பிடுகிறாள் என்றதும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது உனக்கு வந்திருக்க வேண்டியது.

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கும் தீனி வேண்டும். காய், கீரை, பயறு, பழம் எல்லாம் அந்தத் தீனிதான். ஐந்து பகுப்புள்ள தட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். தனித்தட்டு, தனிக்கரண்டி, வெந்நீரில் கழுவி வைக்கிறேன். பார்ப்போம்.

பேசியபடி, வயிறு சரியாகும்வரை இங்கே இருக்கட்டும். தங்கை பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் எனக்குச் சிரமமில்லை.

உன் லாத்தா,
ஜுவைரியா

ஷார்ஜா
21.12.2024

அன்புள்ள லாத்தா,

உங்களுக்கும் ஸலாம். டாக்டரின் பார்வையைப் பத்திரமாக அனுப்பி வைத்ததற்கு நன்றி.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட வீட்டில் அழுதால் பால், அழாவிட்டால் பிஸ்கட். எனக்குத் தெரியாமல் இல்லை. அசந்துபோய் வரும்போது அவள் எதையாவது சாப்பிட்டிருந்தால் போதும் என்றுதான் இருந்தது.

காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்ததில் நல்ல கிருமிகள் போய்விட்டிருக்கும் என்று இங்கே ஒருவர் சொன்னார். அதற்கு ஒரு புரோபயாடிக் பொடி வாங்கியிருக்கிறேன். நம் சின்னம்மா மகன் ரஃபீக்தான் வியாபாரத்துக்காக ஊருக்கும் இங்கும் போய்வந்துகொண்டிருக்கிறானே, அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஸ்ட்ராபெரி வாசனை. கொடுங்கள் லாத்தா. குறை கண்டுபிடிக்காதீர்கள்.

அவள் கட்டிலில் இப்போது துணி மடித்து வைக்கிறோம். சீக்கிரம் சரியாக்கி அனுப்புங்கள்.

கமர் நிஷா

காரைக்கால்
19.1.2025

நிஷா,

பொடி வந்தது. ஐந்நூறு கோடி கிருமிகள் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. எந்த இனம் என்று இல்லை. எந்த வயதுக்கு என்றும் இல்லை. ரஃபீக்கின் பெட்டியில் சூட்டில் வந்தவற்றில் எத்தனைக்கு உயிர் இருக்கிறதோ. டாக்டரிடம் கேட்டேன். “குடுத்தா கெடுதல் ஒண்ணுமில்ல. இதால சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். அலமாரியில் வைத்திருக்கிறேன்.

என் தட்டும் பலிக்கவில்லை. ஒரு குழியில் கேரட், ஒரு குழியில் கீரை, ஒன்றில் பயறு. வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு ஜன்னத்துல் பிர்தௌஸ் வந்து பார்த்துவிட்டு, “ஏன் லாத்தா, புள்ளைக்குச் சோறு போடுறீங்களா, பரீட்சை வைக்கிறீங்களா?” என்றாள். தட்டைக் கழுவி வைத்தேன்.

போன வாரம் அவள் கடைசிப் பையனுக்கு சுன்னத் கல்யாணம். அஃப்ராவின் தட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். அதை வெளியே எடுப்பதற்குள் ஜன்னத்து அவளைத் தன் மற்ற மூன்று பிள்ளைகளோடு ஒரே சஹனில், நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டில், உட்கார வைத்துவிட்டாள். அவரவர் பக்கம் இருப்பதை அவரவர் எடுக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்குத்தான். “சீக்கிரம் அள்ளுடி, இவன் ஒன் பக்கத்தையும் சேத்துத் தின்னுடுவான்” என்று அவள் பெண் கத்தினாள். அஃப்ரா அள்ளினாள். தால்ச்சாவில் குழைந்த கத்திரிக்காய், வாழைக்காய், பருப்பு எல்லாம் உள்ளே போனது. நடுவில் “பெரிம்மா, இது என்னா?” என்று கேட்டாள். கத்திரிக்காய் என்றேன். “ஐயே” என்றாள். கை நிற்கவில்லை.

இதில் மந்திரம் ஏதுமில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளை தின்பதைப் பார்த்துத் தின்கிறாள். மறுநாளிலிருந்து ஜன்னத்தின் பிள்ளைகளை இங்கே சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் உட்காரக் கூடாது, அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்திக்கு ஆக்கிப் பழகிய எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை. ஒரு நாள் மிஞ்சுகிறது, ஒரு நாள் போதவில்லை.

லாத்தா

ஷார்ஜா
9.2.2025

அன்புள்ள லாத்தா,

ஒரே சஹனிலா? நீங்களா? என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் “எனக்குத் தனித்தட்டு” என்று கேட்டவர் நீங்கள். என் மாமியார் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டப் போகிறேன்.

ஒரு செய்தி. அஃப்ராவுக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் திறக்கிறார்கள். நானும் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். இனி சாயந்திரம் வீட்டில் இருப்பேன். நோன்புப் பெருநாள் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொள்ளலாமா? இந்த இடத்தை விட்டால் இன்னும் ஒரு வருஷம் ஆகிவிடும்.

முன்பெல்லாம் போனில் “பெரிம்மா வீட்ல” என்பாள். இப்போது “நம்ம வீட்ல” என்கிறாள். எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

நிஷா

காரைக்கால்
9.3.2025

நிஷா,

நோன்பு தொடங்கியதிலிருந்து அஃப்ராவுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஜன்னத்தின் பிள்ளைகளோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வருகிறாள். வாங்கி வந்தவள் குடிக்காமல் இருப்பாளா? பாசிப்பருப்பும் வெந்தயமும் அதிலேயே இருக்கின்றன. கூடக் கொஞ்சம் சுண்டல், பேரீச்சம்பழம். காரைக்கால்மேட்டிலிருந்து மாரிக்கண்ணு கொண்டுவரும் மீனில் தானே முள் பார்த்துச் சாப்பிடுகிறாள். பால் ஒரு டம்ளரோடு சரி. சாப்பிட்டதும் காலுக்கடியில் ஒரு முக்காலி வைத்து பாத்ரூமில் உட்கார வைக்கிறேன். டாக்டர் சிரப்பைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்.

ஆனால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிரப்பா, சாப்பாடா, கூட இருக்கும் பிள்ளைகளா, எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. சிரப்பை முழுதாக நிறுத்திய பிறகு சில மாதங்கள் கவனிக்க வேண்டும். இடம் மாறினால் பழையபடி ஆகவும் கூடும். அவசரப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். விசாரித்து வைத்திருக்கிறேன்.

லாத்தா

ஷார்ஜா
15.3.2025

லாத்தா,

உங்கள் கடிதத்தை அன்சாரியிடம் படித்துக்காட்டினேன். “ஒங்க லாத்தா பதில் சொல்லலயே, பாடம்ல நடத்துறாங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்ன வயதிலிருந்து நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால்தான் நேராகக் கேட்கிறேன். என் பிள்ளையின் வயிறு சரியாக இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். பள்ளி இடத்தை விட்டுவிடுகிறேன். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்கிறேன். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டேன். உங்கள் வார்த்தை போதும்.

நிஷா

காரைக்கால்
20.3.2025

அன்புள்ள நிஷா,

சரியாக இருக்கிறது.

பள்ளிக்குப் பணம் கட்டிவிடு. நேற்று மறுபடி டாக்டரிடம் போனேன். இப்போதைய அளவில் சிரப்பைத் தொடரச் சொல்லி, மெல்ல நிறுத்துவதை அங்கே ஒரு டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். திடீரென்று நிறுத்திவிடாதே. வலிக்கிறது என்று அவள் சொல்லி வெகு நாளாகிறது. விளையாட்டு நடுவில் தானாக எழுந்து போகிறாள். யாரிடமும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

அவளைத் தனியாக உட்கார வைத்து முன்னால் காயை வைக்காதே. நீங்கள் சாப்பிடுவதை அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். உனக்குக் கீரை பிடிக்காது, தெரியும். இனி பிடிக்க வேண்டும். வேலை முடிந்து வந்து தினமும் முடியாது என்பாய். முடிகிற நாளில் செய். ஒரு நாள் பிஸ்கட் தின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

அவளிடம் சொல்லிவிட்டேன். “அங்க நான் யாரு கூட சாப்புடுவேன்?” என்று கேட்டாள். உம்மா கூட, வாப்பா கூட என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க யாரு கூட பெரிம்மா?” என்றாள். ஜன்னத்தின் பிள்ளைகள் வருவார்கள் என்றேன். வருவார்களா என்று தெரியவில்லை. அவளுக்காகத்தான் வந்தார்கள்.

உனக்கு லீவு கிடைக்காது என்றாயே, பெருநாள் கழித்து ரஃபீக் திருச்சியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரட்டும். விமான நிலையத்துக்கு நான் வரவில்லை. அன்று கல்லூரியில் எனக்குத் தேர்வு மேற்பார்வை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜுவைரியா